சம்சாரத்துக்குச் சுகமில்லை

உக்கடத்தில் பாலக்காட்டுப் பேருந்தில் ஏறி, மதுக்கரை, எட்டிமடை, கந்தே கவுண்டன் சாவடி என ஒவ்வோர் ஊராகக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடத்தில் மட்டும் மனமிரங்கி வழிவிட்டாற்போல் அகன்று கிடக்கும் அந்தக் கணவாயின் காற்று முகத்தில் வந்து அறையும்போது, வாளையார் வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அங்கே நெடுஞ்சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றில், சென்ற ஆடி மாதத்துக் காலைப்பொழுதில் நான் கேட்ட ஒரு சிறு சம்பாஷணை, மொழியைப் பற்றி நான் படித்த பல புஸ்தகங்களைக் காட்டிலும் எனக்கு அதிகமாகப் போதித்தது. மஞ்சள் பையும் தோளில் துண்டுமாக வந்து பெஞ்சில் அமர்ந்த கொங்கு நாட்டுப் பெரியவர் ஒருவரை, பழகிய முகமாதலால், இவ்வளவு சீக்கிரத்தில் எங்கே என்று கடைக்காரர் ஜாடையால் வினவ, "சம்சாரத்துக்குச் சொகமில்லீங்க, பாலக்காட்டு ஆசுபத்திரியில சேத்தியிருக்குது" என்றார் அவர். "அய்யோ, எந்து பற்றி?" என்று கேட்டார் கடைக்காரர். "சக்கரைதானுங்க, கால்ல புண்ணு வெச்சுருச்சு" என்றார் பெரியவர். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்று தலையசைத்தார்.

இந்தச் சம்பாஷணையை அகராதியைக் கொண்டு எடைபோட முனைகிறவன் திகைத்துப்போவான். சம்சாரம் என்னும் சொல் தமிழ்நாட்டில் மனைவியையும் மலையாளத்தில் பேச்சையும் குறிப்பதால், பெரியவருடைய பேச்சுக்கு ஏதோ நோய் கண்டிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்திருக்கவேண்டும். 'எந்து பற்றி' என்பது மலையாளத்தில் 'என்ன நேர்ந்தது' என்று பொருள்படினும் தமிழ்ச் செவிக்கு 'எதைப் பற்றி' என்றே ஒலிப்பதால், பெரியவர் தம் கதையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கவேண்டும். சர்க்கரை என்பது பாலக்காட்டு வழக்கில் வெல்லத்துக்குப் பெயராதலால், வெல்லம் காலில் எப்படிப் புண் வைத்தது என்று கடைக்காரர் வியந்திருக்கவேண்டும். இவற்றுள் ஒன்றும் நிகழவில்லை. விடிந்தும் விடியாத வேளை, மஞ்சள் பை, ஆஸ்பத்திரி என்ற ஒரு வார்த்தை, வாடிய முகம், அதே பெஞ்சில் பல வருஷங்களாக உட்கார்ந்தெழுந்த பழக்கம் ஆகிய யாவும் கூடி, அம்மூன்று சொற்களும் வேறு அர்த்தத்துக்குத் தப்பியோட முடியாதபடி வேலி கட்டிவிட்டிருந்தன.

குடிக்க வெள்ளம் கேட்ட மலையாளியைப் பார்த்துத் தமிழன் மேட்டுக்கு ஓடினான் என்பது போன்ற பரிகாசக் கதைகள் நம்மிடையே ஏராளம். திரைப்படக்காரர்களுக்கும் பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கும் அவை வற்றாத மூலதனம். ஆனால் இக்கதைகளை நான் வாளையாரிலோ வேலந்தாவளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ கேட்டதில்லை. சென்னையிலும் திருவனந்தபுரத்திலுமே கேட்டிருக்கிறேன். இரண்டு பாஷைகள் நித்தமும் தோளோடு தோள் உரசும் இடத்தில் சொற்கள் அபூர்வமாகத்தான் பிழைபடுகின்றன என்பதும், தாம் பிறந்த வாசலிலிருந்து பிடுங்கப்பட்டுக் காகிதத்தில் தனியே நிறுத்தப்படும்போதே அவை பெரும்பாலும் பிழைபடுகின்றன என்பதும் என் அபிப்பிராயம். அந்தக் காகிதங்களில் சர்க்கார் காகிதமும் ஒன்று என்பதாலேயே இதைப் பத்திரிகையில் எழுதத் துணிந்தேன்.

நம் இலக்கணக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளைத் தெளிவதற்கு வினையும் இனமும் சார்பும் துணையாகும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே விதித்துவிட்டார். பூத்தது என்றால் 'மா' மரமாகும், ஓடிற்று என்றால் அதே 'மா' விலங்காகும் என்று உரைவழி வந்த வாத்தியார்கள் இன்றைக்கும் வகுப்பில் சொல்லிவருகிறார்கள். வடமொழியாளர் காட்டும் சைந்தவ உதாரணம் இதனினும் சுவையானது. சைந்தவம் என்பதற்கு உப்பு என்றும் குதிரை என்றும் இரண்டு அர்த்தங்கள் உண்டாதலால், 'சைந்தவம் கொண்டு வா' என்று எஜமானன் இலையின் முன் அமர்ந்து சொன்னால் உப்பையும், பிரயாணத்துக்குப் புறப்பட்டு நின்று சொன்னால் குதிரையையும் கொண்டு வரவேண்டும். மாற்றிக் கொண்டு வருகிற வேலைக்காரன் வியாகரணம் அறிந்தவனாயிருந்தாலும் வேலைக்கு ஆகாதவன். இதனைப் பிரகரணம் என்று பெயரிட்டு, சொல்லின் பொருளை வரையறுக்கும் காரணங்களுள் ஒன்றாகப் பர்த்ருஹரி தம் வாக்கியபதீயத்தில் எண்ணிவைத்தார். டிரோப்ரியண்ட் தீவுகளின் மீனவரோடு வாழ்ந்து திரும்பிய மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலார், பேச்சு நிகழும் சூழ்நிலையை விட்டு அதன் பொருளைப் பிரிக்க இயலாது என்று 1923-இல் எழுதியபோது ஐரோப்பியப் பண்டிதருக்கு அது புதுமையாகத் தோன்றிற்றாம். இலை போட்ட பந்தியில் சைந்தவம் கேட்டுப் பழகியவர்களுக்கு அதில் என்ன புதுமை?

எல்லைப்புறத்தில் இந்த விதி எப்படி உயிரோடு உலவுகிறது என்பதை 'மடி' என்னும் ஒரு சிறு சொல்லைக் கொண்டே காட்டிவிடலாம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பால் கறக்கும் பெண்ணுக்கு மடி என்பது எருமையின் மடி; அவள் குழந்தைக்கு அது தாயின் மடி; வேலைக்கு வராத ஆளைப் பற்றி அண்டை வீட்டு மலையாளி "அவனு மடியாணு" என்று சொன்னால் அது சோம்பல்; பாலக்காடு கல்பாத்தி அக்கிரகாரத்துப் பாட்டி நனைத்துலர்த்திய புடவையோடு எட்ட நின்று "மடி, தொடாதே" என்றால் அது ஆசாரம். சோம்பலைக் குறிக்கும் மடியைத் தமிழன் பேச்சில் கைவிட்டு வெகுகாலமாயிற்று. திருக்குறளின் 61ஆம் அதிகாரத்துக்கு மடியின்மை என்று பெயரிருப்பதைக் கண்டு, உரை பார்த்துத்தான் அவன் பொருள் தெளிகிறான். வாளையாருக்கு மேற்கே சாயாக்கடையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தறியாத கிழவருக்கோ அத்தலைப்புக்கு உரை தேவையில்லை. கம்பீரமான பழந்தமிழ்ச் சொல் ஒன்று அண்டை வீட்டில் அன்றாட உபயோகத்தில் இருக்கிறதென்றால், அதைக் 'கொச்சை' என்றோ 'கலப்பு' என்றோ நம்மில் சிலர் முகஞ்சுளிப்பதில் என்ன நியாயம் இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

சர்க்கரையின் கதை இன்னும் விசித்திரம். கொங்கு நாட்டுப் பழைய தலைமுறைக்குச் சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையை அவர்கள் அஸ்கா என்பார்கள். பாலக்காட்டில் வெள்ளைச் சர்க்கரை பஞ்சசாரையாகிவிடும். சர்க்கரை என்ற பெயர் வெல்லத்தோடு நின்றுவிடும். பட்டணத்துத் தமிழனோ வெள்ளையைச் சர்க்கரை என்று சொல்லிக்கொண்டே, பொங்கலன்று வெல்லம் போட்டுப் பொங்கியதற்குச் சர்க்கரைப் பொங்கல் என்று பெயர் வைத்துச் சாப்பிடுகிறான். அதில் ஒரு முரண் இருப்பதாக அவனுக்கு என்றுமே தோன்றியதில்லை. "சர்க்கரை இருக்கிறதா?" என்னும் ஒரே கேள்வியை மளிகைக் கடையில் கேட்டால் அது சரக்கைப் பற்றியது, வைத்தியர் கேட்டால் ரத்தத்தைப் பற்றியது, தேநீர் ஆற்றுகிறவர் கேட்டால் டம்ளரைப் பற்றியது, மூவருக்கும் நாம் சொல்லும் பதில் 'இருக்கிறது' என்பதாகவே இருந்தாலும், முதற்பதிலில் வியாபாரமும் இரண்டாவதில் கவலையும் மூன்றாவதில் சிறிது குற்ற உணர்ச்சியும் கலந்திருக்கும்.

ஊர்ப்பெயர்களும் இவ்விதியினின்று தப்பவில்லை. தமிழ்ப்பக்கத்துச் சாவடியும் கேரளப்பக்கத்துத் தாவளமும் ஆதியில் வழிப்போக்கர் இளைப்பாறித் தங்கும் இடங்களுக்கே பெயர்கள். பொதிமாடுகள் போன பாதையில் பின்னர் லாரிகள் வந்தன. சாவடி சோதனைச்சாவடியாயிற்று, வேறோரிடத்தில் வாக்குச்சாவடியாயிற்று. தாவளமோ மலையாளத்தில் விமானத்தாவளமாகி ஆகாயத்துக்கே உயர்ந்துவிட்டது. வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்த நாளில், வாளையார்ச் சாலையோரம் லாரிகள் நீண்ட வரிசையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கையில், 'சோதனை' என்னும் சொல்லுக்குச் சர்க்கார் கொண்ட அர்த்தம் ஒன்று, ஓட்டுநர்கள் கொண்ட அர்த்தம் மற்றொன்று. 2017 ஜூலை 1-இல் சரக்கு சேவை வரி வந்த பின்னர் அந்தச் சாவடி எழுந்துபோயிற்று. 2020-இல் பெருந்தொற்றின் பொருட்டு எல்லை அடைக்கப்பட்டபோது, பரீட்சையோடு சம்பந்தப்பட்டிருந்த 'பாஸ்' என்னும் சொல் ஒரே வாரத்தில் வேறு சொல்லாகிவிட்டது. அந்த மே மாதத்தில் பாஸ் இல்லாமல் வாளையாரில் தவித்து நின்றவர்களிடையே பட்டதாரிகளும் இருந்தார்கள். பரீட்சையெல்லாம் பாஸ் செய்திருந்தும் பாஸ் இல்லாதவர்கள்!

சொல்லின் பொருள் ஒருபுறமிருக்க, அதன் மரியாதையும் இடத்தோடு கூடியது என்பதைக் குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரமாகக் கற்றுக்கொள்கிறார்கள். தந்தை என்பது தமிழ்ப் பாடநூலில் மிக உயர்ந்த சொல். கேரளத் தெருவில் 'தந்த' என்பது அடிதடிக்கு அழைப்பு. குடநாட்டார் தந்தையை அச்சன் என்றும் குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்றும் வழங்குவர் என்று பழைய உரைகாரர்கள் திசைச்சொல்லுக்கு உதாரணம் எழுதிவைத்தார்கள். அச்சன் இன்றும் கௌரவமாக வாழ்கிறார், தள்ளையோ 'தள்ள' என்று தேய்ந்து, மனிதத் தாயைச் சொன்னால் ஏச்சாகவும் கோழியைச் சொன்னால் பாசமாகவும் இரண்டுபட்டுவிட்டாள். எல்லைப்புறப் பள்ளிப் பிள்ளை, விண்ணப்பத்தில் 'தந்தை பெயர்' என்று உரக்கப் படித்துவிட்டு, வாசலில் வந்ததும் "அச்சன் வந்துட்டாங்க" என்று மரியாதைப் பன்மையில் கலந்தடிக்கும். அதற்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. 'பாண்டி' என்னும் சொல்லையும் பாருங்கள். கேரளத்தில் தமிழனைப் பார்த்துப் பரிகாசமாகச் சொன்னால் அது சுடும். அதே கேரளத்தில் திருச்சூர்ப் பூரத்தன்று வடக்குந்நாதன் சந்நிதியில் இலஞ்சித்தறையின்கீழ் நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்கள் கூடி முழக்குவது பாண்டிமேளம், அதைக் கேட்க ஜனசமுத்திரம் கைகளை உயர்த்தி ஆடி நிற்கும். நம் பக்கமும் யோக்கியர்கள் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை; 'மலையாளத்தான்' என்று நாம் சொல்லும்போது எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதை நாமே அறிவோம்.

வாளையாரை விட்டுத் தெற்கே இடுக்கி மலைக்குப் போனால், ஒரு போராட்டத்தின் பெயரே இவ்விஷயத்துக்குச் சாட்சியாக நிற்பதைக் காணலாம். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துப் பெண் தொழிலாளர், போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து அமர்ந்தார்கள். 20 சதவீதம் என்னும் கோரிக்கை ஈடேறும் வரை எழுந்திருக்கவில்லை. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பொம்பிளை ஒருமை'. தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு ஒருமை என்பது பன்மைக்கு எதிர். அத்தனை பெரிய பன்மை தன்னை ஒருமை என்று அழைத்துக்கொண்டது அவனுக்கு வேடிக்கையாகத் தோன்றும். மலையாளச் செவிக்கு 'ஒரும' என்றால் ஒற்றுமை. தலைமுறை தலைமுறையாக இரண்டு பாஷைகளுக்கு நடுவே கொழுந்து கிள்ளிய அந்தப் பெண்களுக்கு அச்சொல் எப்பக்கத்தில் அதிக வலுவோடு ஒலிக்கும் என்பது தெரிந்திருந்தது. 'பொம்பிளை' என்பது இன்னும் நுட்பமானது. "பொம்பிளைக்கு என்ன தெரியும்" என்று ஏசும் வாயில் இழிவாகக் கிடந்த சொல்லை, நடுச்சாலையில் உட்கார்ந்து தாங்களே உரக்கச் சொன்னபோது அவர்கள் அதன் இழிவை உரித்துப் போட்டுவிட்டார்கள். எழுத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. அவர்கள் வசித்த வரிசை வீடுகளுக்குப் பெயர் லயம். சங்கீதக்காரனுக்கு அது தாளத்தின் ஒழுங்கு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 உயிர்களைப் புதைத்த பின்னர், மூணாற்றில் அச்சொல்லைச் சொல்கிறவர்கள் ஒரு கணம் நிறுத்தியே சொல்கிறார்கள்.

இவ்வளவு நுட்பத்தைச் சாமானிய ஜனங்கள் அனாயாசமாகக் கையாளும் பிராந்தியத்தில், படித்தவர்கள் எழுதும் காகிதம் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் கண்டேன். 1956 நவம்பர் 1-க்கு முன் சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவாகவும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்துச் சித்தூராகவும் இருந்தது வாளையார்ப் பக்கத்து இப்பூமி. மொழிவழியே எல்லை கிழிக்கப்பட்டபோது, கிழித்த கோட்டுக்கு இருபுறமும் இரண்டு மொழிக்காரரும் தங்கிவிட்டார்கள். இவ்வாறு தங்கிய தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், அம்மொழியிலேயே மறுமொழி பெறலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்திருக்கிறது. அது மதிக்கத்தக்க சட்டம். துரதிருஷ்டவசமாக, தமிழில் மறுமொழி என்பதை மலையாள வாசகத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதுவது என்று கொள்ளும் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எனக்குத் தெரிந்த கிழவி ஒருத்தி, ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீசைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஆட்சேபம் தெரிவிக்க 15 தினங்கள் அவசரம் அளிக்கப்படுகிறது, ஆதாரத்துடன் ஆஜராகவும்" என்று அதில் கண்டிருந்தது. மலையாளத்தில் அவசரம் என்றால் சந்தர்ப்பம், வாய்ப்பு. ஆதாரம் என்றால் நிலத்தின் பத்திரம். அறியாத அந்தத் தாயோ, பதினைந்து நாளில் அவசர அவசரமாக நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று நடுங்கி, மறுநாளே ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஆதாரம் எங்கே என்று அவர்கள் கேட்க, இவள் அட்டையைக் காட்ட, அவர்கள் மறுபடி ஆதாரம் எங்கே என்று கேட்க, கடைசியில் அழுதுகொண்டே திரும்பியிருக்கிறாள். எவரும் அவளை ஏமாற்ற நினைக்கவில்லை. நோட்டீஸ் எழுதியவருக்குத் தமிழெழுத்து நன்றாகத் தெரிந்திருந்தது. அதைப் படிக்கப்போகிற கிழவியைத்தான் தெரிந்திருக்கவில்லை.

இதற்குப் பெரிய ஆணையங்கள் அமைக்கவேண்டியதில்லை. அச்சுக்குப் போகுமுன் அந்த நோட்டீசை அவ்வூர் ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரிடம் உரக்கப் படித்துக் காட்டி, என்ன விளங்கிற்று என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும்; அரை மணி நேரத்து வேலை. கைபேசியில் மொழிபெயர்த்து ஒட்டிவிடுவது இதனினும் சுலபம் என்று ஓர் இளைஞர் எனக்கு யோசனை சொன்னார். கைபேசி ஒரு சொல்லுக்கு அண்டையிலுள்ள சொற்களைப் பார்த்துத்தான் ஊகிக்கிறது என்கிறார்கள். மஞ்சள் பையை அதற்கு யார் காட்டுவது? எல்லைப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நம்மவர்களும், அப்பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் 'அச்சன்', 'மடி' ஆகியவற்றைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் அதே திண்ணையில் அரை மணி நேரம் உட்காரலாம்.

கிழவிக்கு நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். விடுநர், பெறுநர் எழுதிய பிறகு, சர்க்கார் கடிதங்களின் சம்பிரதாயப்படி 'பொருள்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, உரக்கப் படித்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொருளுன்னு எழுதுறயே கண்ணு, எங்கிட்ட ஏது பொருளு, இந்த எட்டுச் சென்டை விட்டா?"

அடுத்த வரியில் அந்த எட்டுச் சென்டையே எழுதினேன்.